பனை நின்ற மூலை

பர்னபாஸ் யாரிடம் பேசினாலும் பேச்சைத் தொடங்குவதற்கு முன் இடது கண்ணை மூடிக்கொள்வார். இறுக மூடுவதில்லை. இமை பாதி இறங்கும், கன்னத்துச் சதை சற்றே ஏறும், கண் ஒரு சிரிப்பைப்போலச் சுருங்கிவிடும். பிறகு திறந்திருக்கும் கண்ணால் எதிரே நிற்பவரின் காதைப் பார்ப்பார். காதையா, காதுக்குப் பின்னால் இருப்பதையா என்று சொல்வது கடினம். காலை மணலில் தேய்த்தபடி அரையடி வலப்பக்கம் நகர்வார். அது அதிகம் என்று தோன்றினால் ஒரு விரற்கடை இடப்பக்கம் வருவார். எதிராளியின் காதும் தெருவிளக்குக் கம்பமும், அல்லது காதும் எதிர்வீட்டுத் தூணும், ஒன்றும் வாய்க்காவிட்டால் காதும் கட்டிப்போட்ட ஆடும் ஒரே கோட்டில் வந்து விழுந்ததும் "ம்" என்பார். அதற்கப்புறம்தான் வாய் திறக்கும்.

கோயிலிலும் இதே கதைதான். பீடத்து மெழுகுவத்திக்குப் பின்னால் சூசையப்பர் கையிலிருக்கும் பூ பொருந்தி வரும்வரை முழங்காலாலேயே நகர்வார். பக்கத்திலிருப்பவர்கள் முனகிக்கொண்டே இடம் கொடுப்பார்கள். பக்தி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். மாறுகண் என்றார்கள் சிலர். என் மாமி பிளாரன்ஸ், "அந்த மனுசன் எங்கிட்ட பேசுதாரா, என் கம்மல்கிட்ட பேசுதாரா?" என்று கேட்டார்.

எனக்குக் காரணம் தெரிந்தது. கெட்டிக்காரத்தனத்தால் அல்ல, சும்மா உட்கார்ந்திருந்ததால்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஓர் ஆபீசில் எனக்குக் கிளார்க் வேலை. காலையில் ஆபீசுக்குப் போகுமுன், கடலோரம் காலியாகக் கிடந்த ஒரு மனையில் கழுத்து வளைந்த ஒற்றைப் பனை ஒன்றின் நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். யாப்பு இல்லாமல் கவிதை எழுதுகிற பத்திரிகைகள். வீட்டில் படித்தால் விளக்கம் சொல்லவேண்டி வரும். ஒருமுறை பர்னபாஸ் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எல்லா வரியும் பாதியிலயே நிக்கி? யுத்தத்துல மை தீந்து போச்சோ?" என்று கேட்டார். நான் பத்திரிகையை மடித்துக்கொண்டேன்.

படிப்புக்கு நடுவே கடலைப் பார்ப்பேன். பர்னபாஸின் வள்ளத்தை அடையாளம் காண்பது சுலபம். பாய்மரத்தின் உச்சியில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டியிருப்பார். பெரும்பாலான நாட்களில் அந்த மஞ்சள் ஒரே இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும். அந்த நாட்களில் கூடை நிறையக் கலவா மீன் வரும். மூட்டமான நாட்களில் மஞ்சள் அங்கும் இங்கும் அலையும்; வெறுங்கூடை வரும். ஒருநாள் மஞ்சளைப் பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறதென்று தலையைத் திருப்பினேன். எனக்கு மேலே பனையின் தலை. அதற்கு நேர் பின்னால், ஊருக்கு மேற்கே, பஞ்சாலையின் புகைக்கூண்டு. திரும்பவும் கடலைப் பார்த்தேன். வள்ளம், பனை, புகைக்கூண்டு மூன்றும் நூல் பிடித்ததுபோல நின்றன.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். கலவா அதன் இடுக்குகளில்தான் குடியிருக்கும். ஆனால் மேலே நிற்பவனுக்கு எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர். அதனால் கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற கோட்டைப் பிடிக்கவேண்டும். பக்கவாட்டில் அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் பார். பர்னபாஸின் தெற்குக் கோடு முயல் தீவின் மேல் போயிற்று. அங்கே அதை மறைக்க யாருமில்லை. மேற்குக் கோடுதான் இந்தப் பனையும் புகைக்கூண்டும். தகப்பனார் சாகும்போது மகனின் காதில் சொல்லிவிட்டுப் போனது இந்த இரண்டு கோடுகளை. அதிலிருந்துதான் அவருக்கு எதைப் பார்த்தாலும் எதோடாவது பொருத்திப் பார்க்கிற வழக்கம்.

அன்று மத்தியானம், ஆபீசிலிருந்து சாப்பிட வரும் வழியில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இடது கண்ணை மூடினார். என் காதைக் கம்பத்தோடு சேர்க்கக்கூட மறந்துவிட்டார்.

"காலையில மரத்தடியில இருந்து என்னத்தப் பாத்த?"

"ஒண்ணுமில்ல, அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு மட்டம் திரும்பித் திரும்பிப் பாத்த? நான் அங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஒன் வெள்ளைச் சட்டை கொக்கு மாதிரி தெரியுது."

நான் குனிந்து சட்டையைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. என்னைக் கோயில் பக்கம் திருப்பி, வலது கையைத் தூக்கச் செய்து, மாதா மேல் சத்தியம் வாங்கினார். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ யார்கிட்டயும் பேசவே மாட்டியே. ஒங்கிட்டப் போய் சத்தியம் வாங்குனது வீண்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். பர்னபாஸ் நல்ல மீன்பிடிகாரர் அல்ல. காற்றின் போக்கு அவருக்குப் பிடிபடாது. மற்றவர்கள் சாளை மீனை அள்ளிக்கொண்டு வரும் நாளில் அவர் பாசியை அள்ளிக்கொண்டு வருவார். அந்த ஒரு பார் இருந்ததால்தான் கரையில் அவரையும் ஒரு ஆளாக மதித்தார்கள். ஏலக்காரன் அவர் கூடையை எட்டிப் பார்த்தான். பார் இல்லாவிட்டால் அவர் கரையில் இருக்கவேண்டியதுதான். கரையில் இருந்தால் கதை சொல்வார். இளவயதில் தோணியில் கொழும்புக்குப் போன கதை ஒன்று உண்டு. காலையில் தொடங்கினால் மத்தியானம்வரை போகும். நான் கேட்டவரையில் அந்தத் தோணி ஒருமுறைகூடக் கொழும்பு போய்ச் சேர்ந்ததில்லை.

இந்த நிலையில்தான் என் தாய்மாமா செபாஸ்டின் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, வீடு கட்டுவதற்கு இடம் வாங்கினார். கழுத்து வளைந்த பனை நிற்கும் அந்த மனையைத்தான் வாங்கினார்.

வாங்கிய அன்றே மனையில் சண்டை தொடங்கியது.

"வாசல் கடலைப் பாத்து இருக்கணும்" என்றார் மாமா. "இருவது வருசமா கொழும்புக் கடையில செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கேன். சாவுத மட்டும் இனி தண்ணியத்தான் பாப்பேன்."

"தண்ணியப் பாத்தா, தெருவுக்கு முதுகக் காட்டணுமே?" என்றார் மாமி. "மாதா பவனி வரும்போது நம்ம குசினிப் புகையையா பாத்துட்டுப் போவா? வாசல் தெருவப் பாத்து வைங்க."

"மாதா எல்லாப் பக்கமும் பாப்பா."

"அப்ப நீங்களும் எல்லாப் பக்கமும் பாருங்க. சன்னல் வச்சித் தாரேன்."

கொத்தனார் முத்துக்கனி நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஊருக்கு மேற்கே பனங்காட்டுப் பக்கத்து மனிதர். திசை விஷயத்தில் கண்டிப்பானவர். "மொதலாளி, கெழக்கு வாசல்னா நேர் கெழக்கு. மேக்கு வாசல்னா நேர் மேக்கு. வேதக்காரங்க வீடானாலும் சூரியன் ஒண்ணுதான். சண்டையை முடிச்சிட்டுச் சொல்லுங்க. கோணலா மட்டும் நூல் புடிக்கச் சொல்லாதிய, அது நம்மளால ஆவாது." பிறகு பனையை அண்ணாந்து பார்த்தார். "எப்படி வச்சாலும் இந்தப் பனை போகணும். கடலைப் பாத்து வச்சா முன்கட்டுல நிக்கி. தெருவப் பாத்து வச்சா குசினியில நிக்கி."

பர்னபாஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வலையைச் சுமந்துகொண்டு போய்க்கொண்டிருந்தார். வலை தோளிலிருந்து நழுவியது.

மறுநாள் காலை அவர் கடலுக்குப் போகவில்லை. மனைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, வீட்ட தெக்க தள்ளிப் போடுங்க. பனைப் பக்கம் வேண்டாம். கடல்ல இருந்து கொண்டக் காத்து அடிச்சா உப்பு நேரா அங்கனதான் வந்து எறங்கும். பூட்டைத் தின்னுரும்."

"பூட்டே வேண்டாம்வே. உள்ளார தாழ்ப்பாள் போட்டுக்கிடுதேன்" என்றார் மாமா.

அடுத்த நாள், "அண்ணாச்சி, சொல்லணும்னு நெனச்சேன். பனையடியில ஒரு பழைய கெணறு மூடிக் கெடக்கு. செவரு உள்ள எறங்கீரும்" என்றார். முத்துக்கனி ஆள் வைத்து மரத்தைச் சுற்றித் தோண்டினார். ஒரு ஆமை ஓடும், உடைந்த பீங்கான் கோப்பையும் வந்தன. "கெணத்துக்குள்ள மண்ணு இம்புட்டு கெட்டியா கெடக்கே, யாரு மூடுனது? உங்க பாட்டனா?" என்று கேட்டார் முத்துக்கனி.

பர்னபாஸ் தளரவில்லை. மாமியின் பக்கம் திரும்பினார். மாமியின் கம்மலையும் வேலிக்கல்லையும் ஒரே கோட்டில் பொருத்தினார்.

"மதினி, மரத்த வெட்டலாமா? கோடையில புள்ளைகளுக்கு நுங்கு கெடைக்குமே."

முத்துக்கனி கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பனங்காட்டு மனிதரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. "வேய், அது ஆண்பனை. அதுல நுங்கு காச்சா நீரு பிரசவம் பாத்தீரா?"

பர்னபாஸின் முகம் சிவந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பனையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் சொன்ன மறுநிமிஷம் பார் அவருடையது இல்லை. சொல்லாவிட்டால் மரம் இல்லை. மரம் இல்லாவிட்டாலும் பார் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பனையடியில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பர்னபாஸ் அதன் முன்னால் முழங்காலில் இருந்தார்.

"ஏ பர்னபாசு தம்பி, என்னது இது?" என்றார் மாமி.

"நேர்ச்ச, மதினி." அவர் எழுந்திருக்கவில்லை. "அந்தப் பெரும் புயல்ல நான் வழி தப்பி அலஞ்சேன் பாத்துக்கிடுங்க. கோடி அற்புதர் அந்தோணியாரே, எனக்குக் கரையக் காட்டும்னு கத்துனேன். மொத மொத கண்ணுல பட்டது இந்தப் பனைதான். அன்னைக்கு நேந்துக்கிட்டது."

"இத்தன வருசமா ஒருநாளும் நீ திரி ஏத்துனத ஊர்ல யாரும் பாக்கலியாமே?" என்றார் மாமா.

"ரகசிய நேர்ச்ச, அண்ணாச்சி."

மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மாமிக்கு வந்துவிட்டது. அடுத்த செவ்வாய் மாமியும் ஒரு திரி ஏற்றினார். அதற்கடுத்த வாரம் மாமியின் காணாமல் போன கோழி தானாகத் திரும்பி வந்தது. அவ்வளவுதான். தெருவே திரண்டது. உப்பும் மிளகும் கொட்டினார்கள். நீல நாடா கட்டினார்கள். யாரோ மரத்தில் ஆணி அடித்து அந்தோணியார் படம் மாட்டினார்கள். தலைவலிக்கு ஒருத்தி, வராத கடுதாசிக்கு ஒருத்தி, குடிகாரப் புருஷனுக்கு ஒருத்தி என்று வந்தார்கள். அற்புதத்தை நேரில் கண்டவர் என்பதால் பர்னபாஸ்தான் செபம் சொல்லவேண்டும் என்றாகிவிட்டது. பிரார்த்தனை நடுவில் மறந்துபோகும்போதெல்லாம் அவர் புயல் கதையைச் சொன்னார். அந்தக் கதையில் தோணியும் கொழும்பும் வந்து சேர்ந்துகொண்டன. செவ்வாய்க் கூட்டம் மெதுவாக நெளியத் தொடங்கியது.

ஆனாலும் காரியம் பலித்தது. "மரத்தத் தொடப்படாது. வீடு ஒதுங்கிக்கிடட்டும்" என்று மாமி தீர்ப்புச் சொன்னார். முத்துக்கனி முளைக்குச்சிகளைப் பிடுங்கித் தெற்கே கொண்டுபோனார். பர்னபாஸ் விடியுமுன்னே கடலுக்குப் போய்க் கூடை கூடையாகக் கலவா கொண்டுவந்தார். ஒரு பெரிய மீனை மாமிக்கு இனாமாகவும் கொடுத்தார்.

பங்குச் சாமியார் ஒரு திங்கட்கிழமை சைக்கிளில் வந்து இறங்கினார். நீல நாடாவையும் மிளகையும் பார்த்தார். அண்ணாந்து பனையின் தலையையும் பார்த்தார்.

"அந்தோணியார் கோயில்ல இருக்கார்" என்றார். "இதுல இருக்கிறது ஓணான். நாளைக்குச் செவ்வாய். அதுக்குள்ள மரம் கீழே கிடக்கணும்." பிறகு அதற்குள் கூடிவிட்ட கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "இதை ஆரம்பிச்சது யாரு?" என்று கேட்டார்.

எல்லோரும் பர்னபாஸைப் பார்த்தார்கள். அவர் இடது கண்ணை மூடி, சாமியாரின் காதைச் சைக்கிள் மணியோடு சேர்க்க முயன்றார். இரண்டும் சேரவில்லை.

"மரத்தை வெட்டுறதுல உனக்கு ஏதும் வருத்தம் உண்டா?"

"எனக்கென்ன சாமி வருத்தம்? மரந்தானே" என்றார் பர்னபாஸ்.

அன்று சாயங்காலமே மரம் சாய்ந்தது. முத்துக்கனி வேரோடு கிளறி எடுத்து, பள்ளத்தில் மணலைப் போட்டு மட்டம் செய்துவிட்டார். படத்தை மாமி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஓணான் வேலியில் ஏறி உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துத் தலையாட்டியது. பர்னபாஸ் ஒரு நீல நாடாவை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் கூடையில் கலவா இல்லை. தினமும் போவார்; மஞ்சள் துணி ஈயைப்போலக் கடலில் சுற்றும்; வெறுங்கூடையோடு வருவார். பிறகு போவதையும் நிறுத்தினார். வலை பழுது பார்க்கிறவர்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டு கொழும்புக் கதையை ஆரம்பிப்பார். அவர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தால் அந்தக் கூட்டம் கரைந்து சற்றுத் தள்ளி இன்னொரு கூட்டமாகும். இவர் எழுந்து அங்கே போவார். ஒரே நாளில் கரை முழுவதும் இப்படி வடக்கிலிருந்து தெற்கே நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். கதை சொல்லும்போது இப்போதெல்லாம் அவர் யாருடைய காதையும் எதோடும் சேர்ப்பதில்லை. இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஒரு மத்தியானம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மரம் போனா போவட்டும். மரம் நின்ன எடத்துல வீடு நிக்கட்டுமே?"

எனக்குப் புரியவில்லை.

"ஒங்க மாமா வீட்டு மூலை ஒண்ணு பனையோட தலை இருந்த எடத்துல வந்துட்டா, மூலையையும் பொகைக்கூண்டையும் சேத்துப் பாத்துக்கிடுவேன். மாடிப்படிக்கு மேல ஒரு சின்ன அறை எடுத்து, அதுமேல ஒரு குருசு வச்சா இன்னும் விசேசம். பனையாவது புயல்ல சாஞ்சிரும். வீடு சாயாது."

"வேற அடையாளம் பிடிக்கக் கூடாதா?"

"இந்தக் கர தட்டை. பொகைக்கூண்டுக்கு நேரா தலை தூக்கி நின்னது அந்த ஒரு பனைதான்."

"அப்ப பள்ளம் இருந்த இடத்தக் காட்டிருவோம்."

"பனைக்குக் கழுத்து கோணல்லா? அடி ஒரு எடம், தலை ஒரு எடம். எனக்கு அடி எதுக்கு? தலைதான் கணக்கு. அது வானத்துல எங்கன நின்னுச்சின்னு கரையில இருந்து எவனும் சொல்ல முடியாது. கடல்ல இருந்துதான் சொல்லணும்." என் காதைப் பார்த்தார். இடது கண் மெல்ல மூடியது. "அதுக்கு இங்கன ஒருத்தன் கம்பு புடிக்கணும்."

தெற்குக் கோடு அவரிடம் இருந்தது. அந்தக் கோட்டிலேயே மேலும் கீழுமாகப் போய், தூண்டிலை இறக்கி இறக்கிப் பாரைத் தடவித் தேடினார். ஒருநாள் ஒரு கலவா கடித்தது. அந்த இடத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, மிதப்புக் கட்டை ஒன்றைக் கட்டி வைத்துவிட்டு வந்தார். நீரோட்டம் மிதப்பை இழுத்துக்கொண்டு போகுமுன் வேலையை முடிக்கவேண்டும். மறுநாள் நான் ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

நீளமான மூங்கில் ஒன்றின் நுனியில் மாமா கொழும்பில் இடுப்பில் உடுத்திய சிவப்புச் சாரத்தைக் கட்டினோம். அவர் மிதப்புக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் மனையில் அதைத் தூக்கிப் பிடித்தேன். பாய் பாதி ஏறினால் நான் வடக்கே நகரவேண்டும். முழுதும் ஏறினால் தெற்கே. கீழே இறங்கிவிட்டால் நின்ற இடத்தில் முளை அடிக்கவேண்டும். இதுதான் ஏற்பாடு.

பட்டப்பகலில், ஊர் பார்க்க, சிவப்புச் சாரத்தைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு ஒருவன் வெறும் மனையில் நண்டைப்போலப் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தான். அது நான். தெருவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு வேர்க்கும். அன்று யாரும் கூப்பிடவில்லை. என்ன செய்கிறாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கடலுக்கும் எனக்கும் முதுகைக் காட்டி, உப்பு சேர்த்துவைக்கும் கிட்டங்கியின் சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. யார் கண்ணிலும் படாமல் இருப்பது எனக்கு இயல்பாகவே வந்த வரம் என்று நினைத்து அன்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

பாய் பாதி ஏறியது. வடக்கே போனேன். முழுதும் ஏறியது. திரும்பி வந்தேன். கடைசியில் பாய் சடாரென்று இறங்கியது. அதோடு நிற்காமல் அந்த மனிதர் மடியிலிருந்த நீல நாடாவையும் எடுத்துப் பாய்மரத்தில் ஏற்றியிருக்கிறார். அதை அவரே பிறகு சொன்னார்; அவ்வளவு தூரத்தில் எனக்குத் தெரியவில்லை. நான் முளை அடித்தேன்.

முளை வந்து விழுந்த இடம் முத்துக்கனியின் எந்த நூலிலும் சேரவில்லை. அந்த முளையில் ஒரு மூலையை வைத்தால் வீடு மனைக்குள் அடங்குவதற்குச் சாய்ந்துதான் நிற்கவேண்டும். தெருவையும் முழுதாகப் பார்க்காது, கடலையும் முழுதாகப் பார்க்காது.

மரம் போய்விட்டதால் மாமாவும் மாமியும் பழைய சண்டையை மறுபடியும் தொடங்கியிருந்தார்கள். அன்று சாயங்காலம் மனையில், முத்துக்கனியின் முன்னால், அது உச்சத்தில் இருந்தது.

"கடல்!" என்றார் மாமா.

"தெரு!" என்றார் மாமி.

நான் ஒரு குச்சியை எடுத்து மணலில் கோடு போட்டேன். "மூலை இங்கன வந்தா," என்றேன், "மாமா நாற்காலியில இருந்து கடல் தெரியும். மாமி வாசல்ல இருந்து பவனி திரும்புத முடுக்குத் தெரியும். ரெண்டும் சாய்வாத் தெரியும். மேல ஒரு அறை வச்சி குருசு வச்சா, கடல்ல போறவங்களும் கும்பிட்டுக்கிடுவாங்க."

மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதைவிட நான் பேசியதுதான் அவர்களை அசத்தியது.

"பய வாயத் தொறந்து இம்புட்டு பேசுதான்னா," என்றார் மாமா மெதுவாக, "அதுல ஏதோ விசயம் இருக்கு, பிளாரன்ஸ்."

"குருசு நல்லாருக்கும்" என்றார் மாமி.

முத்துக்கனி தலையில் கை வைத்துக்கொண்டார். "தெசை கெட்ட வீடு மொதலாளி. நாளைக்கு எவனாவது இத யாரு கட்டுனதுன்னு கேட்டா எம் பேரச் சொல்லாதிய."

பார்க்கல்லும் சிப்பிச் சுண்ணாம்புமாக வீடு எழுந்தது. சுவர் உயர உயர பர்னபாஸ் தினமும் கடலுக்குப் போய்ச் சரி பார்த்துவிட்டு வந்து, வேலியோரம் நின்று எனக்கு மட்டும் தெரியும்படி "ம்" என்பார். புது வீட்டைச் செபம் சொல்லி மந்திரித்த அன்று அவர் கொண்டுவந்த கலவாவைச் சாமியார் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முத்துக்கனியும் வந்திருந்தார். தெருவில் நின்று வீட்டைப் பார்த்துவிட்டு, "புருசன்கிட்ட கோவிச்சிக்கிட்டுத் திரும்பிப் படுத்த பொம்பள மாதிரில்லா நிக்கி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மாமாவுக்குக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே கடல் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மாமிக்கும் அதேபோல், எதிர்ப்பக்கமாக. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருக்கிறார்கள் என்று வருகிறவர்கள் நினைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்ததும் பர்னபாஸ் வருவார். மாமியின் கம்மலைக் கதவு நிலையோடு பொருத்துவார். "மதினி, அந்த மாடி அறை பாசி புடிச்சிக் கெடக்கே. வெள்ளையடிக்கப்படாதா? ஊரு என்ன சொல்லும்?" என்பார். சுண்ணாம்பைக் கரைப்பதும் அவர்தான், ஏறி அடிப்பதும் அவர்தான். கீழே உள்ள சுவர்களைத் தொடமாட்டார். இவ்வளவு நல்ல மனிதரா என்று மாமி வியந்துகொண்டே இருக்கிறார்.

போன மாதம் ஒரு சரக்கு விஷயமாக வள்ளக்காரர் கஸ்பார் ஆபீசுக்கு வந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது திரும்பினார்.

"தம்பி, அன்னைக்கு அந்தச் சாரத்தத் தூக்கிக்கிட்டு நின்னியே, கை வலிக்கலியா?"

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. "நீங்க பாக்கலியே. எல்லாரும் செவரப் பாத்துல்லா உக்காந்திருந்திய?"

"பாத்தா அவன் பாயைச் சுருட்டிக்கிட்டு வந்துருவானே! பர்னபாசுக்க பாரு எங்கன இருக்குன்னு கரையில தெரியாதவன் யாரு? அவன் அப்பன் காலத்துலயே தெரியும். முந்தின நாள் மிதப்பக் கட்டிட்டு வந்தாம்லா, அன்னைக்கே பேசி முடிச்சாச்சி. எவனும் திரும்பிப் பாக்கப்படாது, எவனும் அங்கன தூண்டி போடப்படாதுன்னு."

என் மனம் நெகிழ்ந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அதைப் புரிந்துகொண்ட கஸ்பார், அவசரமாகக் கையை ஆட்டினார்.

"நீ வேற ஒண்ணும் நெனச்சிராத. அந்தப் பனைய வெட்டுனதுல இருந்து அவன் கரையிலயே கெடந்தான். அந்தக் கொழும்புக் கதைய நான் மட்டும் பதினோரு மட்டம் கேட்டிருக்கேன்."